நார்த்தூள் தொழிலும் ஊர்க் கிணறும்

தென்னை செழித்த வட்டாரங்களில் புதிதாகத் தொழில் தொடங்க எண்ணுவோரின் மனம் முதலில் நாடுவது தேங்காய் மட்டையையே. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி ஆகிய பகுதிகளில் நார் ஆலைகள் பல இயங்கி வருவதை நாம் அறிவோம். கழிவென்று ஒதுக்கியதைக் காசாக்குவதும், ஊரை விட்டுப் போகாமல் வேலை கிடைப்பதும், மண்ணில் மக்கும் பொருளைச் செய்வதும் வரவேற்கத்தக்கவையே. ஆயினும், மூலப்பொருள் மரத்திலிருந்து வந்தது என்பதனால் மட்டும் ஒரு தொழில் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாகிவிடாது. அது எவ்வளவு நீரை எடுக்கிறது, எத்தகைய நீரை வெளியே விடுகிறது என்பதே உரைகல்லாகும். தொழில் தொடங்குவோரும் ஊராட்சி மன்றத்தாரும் இக்கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குத் துணை செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மட்டையில் இருப்பது என்ன?

தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கும்போது, ஒரு பங்கு நாருக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு தூள் மிஞ்சுகிறது. இதனையே நார்க்கழிவு என்றும், ஆலை வழக்கில் 'பித்' என்றும் கூறுகிறோம். முன்னாளில் இதற்கு மதிப்பில்லை. ஆலையோரத்திலும் சாலையோரத்திலும் மலைபோல் குவிந்து கிடந்தது. கோடையில் காற்றோடு பறந்து கண்ணை உறுத்தும். தீப்பற்றினால் உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் புகையும்.

இத்தூளுக்கு ஓர் அரிய குணம் உண்டு. தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆகையால், மண்ணில்லாமல் காய்கறியும் மலரும் வளர்க்கும் பசுமைக் குடில்களுக்கு இது தேவைப்படுகிறது. இத்தேவைக்காக மேல்நாட்டார் நெடுங்காலமாகச் சதுப்பு நிலங்களிலிருந்து 'பீட்' என்னும் கரிமண்ணை வெட்டி எடுத்து வந்தனர். அந்நிலங்கள் அழிவதைத் தவிர்க்க, அதற்கு மாற்றாக நார்த்தூள் இடம் பெற்றது. இன்று நார்த்தூளை உலர்த்தி, எந்திரத்தால் அழுத்தி, 5 கிலோ கட்டிகளாக்கி வெளிநாடுகளுக்கு அனுப்புகின்றனர். அத்தகைய கட்டி ஒன்றை நீரில் ஊறவைத்தால் 60 லிட்டருக்கு மேல் தூளாக விரியும்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. நார்த்தூளில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம் உப்புகள் மிகுதியாக உள்ளன. நாற்றுக்கு அவை ஆகா. எனவே உப்புக் குறைந்த தூளுக்கு வெளிநாட்டுச் சந்தையில் விலை கூடுதல். உப்பைக் குறைக்க வேண்டுமானால் தூளை நல்ல நீரில் பலமுறை கழுவ வேண்டும். தூளை விட்டு நீங்கிய உப்பு உலகை விட்டு நீங்குவதில்லை. கழுவிய நீரோடு செல்கிறது. தூளிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் அந்நீரைத் தேயிலை வடிநீர்போல் பழுப்பு நிறமாக்கி விடுகின்றன. அது வெறுந்தரையில் விடப்பட்டால் நிலத்தடிக்கு இறங்கி, அண்டை வயலின் கிணற்றையும் ஊர்க் குடிநீர்க் கிணற்றையும் சென்றடையும்.

மட்டைக் கணக்கு

நீரைப்பற்றி மேலும் பேசுமுன் மட்டையின் கணக்கைப் பார்ப்போம். ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு ஆண்டுக்கு 100 காய் என்று கொண்டால், ஓர் ஏக்கரில் 7,000 மட்டை கிடைக்கும். நாளொன்றுக்கு 10,000 மட்டை அடிக்கும் ஆலை ஆண்டில் 300 நாள் ஓடினால் அதற்கு 30 லட்சம் மட்டை வேண்டும். அஃதாவது, ஏறக்குறைய 430 ஏக்கர் தோப்பின் மட்டை முழுவதும் அந்த ஓர் ஆலைக்கே போதும். பக்கத்து ஊரில் ஏற்கெனவே இரண்டு ஆலைகள் இருக்குமானால் மூன்றாவது ஆலைக்கு மட்டை எங்கிருந்து வரும்? தொலைவிலிருந்து லாரியில் வரவழைத்தால் வாடகை ஆதாயத்தை விழுங்கிவிடும். வறட்சியிலோ புயலிலோ காய்ப்புக் குறைந்தால் ஆலை சும்மா நிற்கும். 2018ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னைகள் பெருமளவில் சாய்ந்ததை நாம் மறந்துவிடலாகாது. ஆகவே, கடனுக்கு விண்ணப்பிக்குமுன் சுற்றியுள்ள தோப்புகளின் பரப்பையும், இருக்கும் ஆலைகளின் எண்ணிக்கையையும் எழுதிப் பார்ப்பது அறிவுடைமை.

ஊரின் நீருக்கேற்ற வழி

நார்த்தூளைப் பயன்படுத்த மூன்று வழிகள் உண்டு. எதைத் தேர்வது என்பதை ஊரின் நீர்வளமே முடிவு செய்ய வேண்டும்.

முதலாவது, கழுவாமல் உலர்த்திக் கட்டியாக்கி விற்பது. விலை சற்றுக் குறைவாயினும் நீர்ச்செலவும் கழிவுநீரும் மிகக் குறைவு. உலர்களம் சிமெண்டுத் தளமாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் குவியலை மூடி வைக்க வேண்டும்; இல்லையேல் மழையே தூளைக் கழுவி உப்பை நிலத்தில் இறக்கிவிடும்.

இரண்டாவது, கழுவி விற்பது. நிலத்தடி நீர் அருகிய ஊரில் இதனைத் தொடங்காதிருப்பதே நலம். நீர் போதிய அளவு உள்ள இடத்திலும் நீர் இறங்காத தொட்டியும் தளமும் இன்றியமையாதவை. ஒரு குவியலின் கடைசிக் கழுவலில் வடியும் நீரில் உப்புக் குறைவு. அதை அடுத்த குவியலின் முதற் கழுவலுக்குப் பயன்படுத்தினால் புதுநீரின் தேவை குறையும். இறுதியாக மிஞ்சும் உப்பு நீரை என்ன செய்வது என்பதற்கு விடை இல்லாத திட்டம் முழுமையான திட்டமாகாது.

மூன்றாவது, மக்கவைத்து உரமாக்குவது. சிறு முதலில், மகளிர் சுய உதவிக் குழுக்களும் உழவர் குழுக்களும் மேற்கொள்ளத்தக்க வழி இதுவே எனக் கருதுகிறோம்.

நார்க்கழிவு உரம்

பச்சை நார்த்தூளை அப்படியே வயலில் இடலாகாது. அதில் கரிமச்சத்து 112 பங்கு என்றால் தழைச்சத்து ஒரு பங்கே உள்ளது. அதனை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் பயிர் வெளிறிப் போகும். மேலும் 'லிக்னின்' என்னும் மரப்பொருள் மிகுந்திருப்பதால் தானாக மக்க நெடுங்காலம் ஆகும். இந்த லிக்னினைச் சிதைக்க வல்லது சிப்பிக்காளான்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறை எளியது. நிழலான இடத்தில் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்துக்கு 100 கிலோ நார்த்தூளைப் பரப்பி, அதன்மேல் ஒரு புட்டி சிப்பிக்காளான் வித்தைத் தூவ வேண்டும். அதன்மேல் மற்றொரு 100 கிலோ தூளைப் பரப்பி, ஒரு கிலோ யூரியாவைத் தூவ வேண்டும். இவ்வாறு மாற்றி மாற்றிப் பத்து அடுக்கு அமைத்தால் ஒரு டன் தூளுக்கு 5 புட்டி வித்தும் 5 கிலோ யூரியாவும் செலவாகும். பிழிந்தால் நீர் சொட்டாத அளவுக்கு ஈரம் காத்து வந்தால் ஏறக்குறைய 60 நாளில் தூள் கறுத்து, மண்வாசனையுடன் உரமாகிவிடும். கரிமச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதமும் 24க்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும். இயற்கை வேளாண்மை செய்வோர் யூரியாவுக்கு மாற்றாகக் கோழி எருவைச் சேர்க்கலாம்.

இவ்வுரத்தை ஹெக்டேருக்கு 5 டன் வீதம் அடியுரமாக இடலாம். தென்னை, மா போன்ற மரங்களுக்கு மரத்துக்கு 5 கிலோவேனும் வைக்கலாம். மணற்பாங்கான நிலத்தில் ஈரம் நிற்பதைக் கண்ணாரக் காணலாம். மட்டை தந்த தோப்புக்கே உரம் திரும்பிச் செல்கிறது. வாங்குவோரும் உள்ளூரிலேயே இருக்கின்றனர் என்பது இதன் தனிச்சிறப்பு.

அனுமதியும் கடனும்

1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் ஆகியவற்றின்கீழ், தொழிலின் தன்மைக்கேற்ப மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு தேவைப்படும். தொழில்களை வாரியம் அவற்றின் மாசுத் திறனுக்கேற்ப வகைப்படுத்துகிறது. கழுவும் ஆலையும் உலர்முறை ஆலையும் ஒன்றாகக் கருதப்படமாட்டா. ஆதலால், எந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மாவட்ட வாரிய அலுவலகத்தில் நேரில் கேட்டறிய வேண்டும். பணம் கொடுத்த பின் இசைவு தேடுவது, ஏர் பூட்டிய பின் மாடு வாங்குவது போலாகும்.

கடனுக்கும் மானியத்துக்கும் மாவட்டத் தொழில் மையத்தையும் கயிறு வாரியத்தின் மண்டல அலுவலகத்தையும் அணுகலாம். 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதம மந்திரியின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில், உற்பத்தித் தொழிலுக்கான மதிப்பீட்டு வரம்பு 2022ஆம் ஆண்டு 25 லட்சம் ரூபாயிலிருந்து 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள திட்டம் எது, மானிய விகிதம் என்ன என்பதைத் தொழில் மையத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். சிமெண்டுத் தளம், கூரை, நீர்த்தொட்டி ஆகியவற்றின் செலவையும் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவை பெரும்பாலும் கட்டப்படுவதேயில்லை.

ஊராட்சி மன்றம் செய்ய வேண்டியது

ஆலை வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் கிராம சபையில் வாதிட்டுக்கொள்வதால் மட்டும் பயனில்லை. கையில் அளவு இருக்க வேண்டும். தொழில் தொடங்குமுன் சுற்றியுள்ள கிணறுகள் சிலவற்றின் நீரைச் சோதித்து, முடிவை ஊராட்சிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். குடிநீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலும், பாசன நீரை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலும் சோதிக்கலாம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீர் இல்லாதவிடத்து 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கோடையில் ஒருமுறை, மழை முடிந்தபின் ஒருமுறை என ஆண்டுதோறும் அதே கிணறுகளைச் சோதித்து, முடிவைக் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். உப்பின் அளவு ஏறத் தொடங்கியதுமே ஆலையின் தளத்தையும் தொட்டியையும் சீர்செய்யச் சொல்லலாம்.

இச்சோதனை ஆலைக்காரருக்கும் காவலே. கிணறு இயல்பிலேயே உப்பாயிருந்தால் வீண்பழி அவரைச் சேராது. மாறாக, அளவு எதுவும் இல்லாமல் ஆண்டுகள் கடந்து, கிணறு கெட்ட பிறகு ஆலை மூடப்படுமானால், களத்தில் தூள் உலர்த்தும் பெண்கள் கூலியை இழப்பர். வங்கிக் கடன் நிற்கும். கெட்ட கிணறும் உடனே திருந்தாது. தொழிலும் போய் நீரும் போன ஊரைக் காட்டிலும் இரங்கத்தக்க ஊர் வேறில்லை.

ஆகவே, நார்த்தூள் தொழில் தொடங்க விரும்பும் அன்பர்கள் விண்ணப்பத்துடன் மட்டைக் கணக்கு, நீர்க் கணக்கு, கழிவுநீர் ஏற்பாடு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குக் கொண்டு வருவார்களாக. வேளாண்மை விரிவாக்க அலுவலரையும் உடன் வைத்துக்கொண்டு அக்கணக்கைச் சரிபார்த்துத் தருவது எமது கடமை.