திரை அறிந்த உணவும் நாம் அறிந்த உடலும்

துரித உணவகத்தின் வாயிலைக் கடந்ததும் பல இடங்களில் ஆளுயரத் தொடுதிரை ஒன்று நம் எதிரே நிற்கிறது. வீட்டில் இருப்போருக்கு அதே திரை கைப்பேசிச் செயலியாக வந்து சேர்கிறது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களும் அவர்களைப் பேணும் குடும்பத்தினரும் இத்திரையை ஒருநாளும் தொடமாட்டார்கள் என்று நாங்கள் எண்ணவில்லை. சமைக்க ஆளில்லாத இரவும், பேரப்பிள்ளையின் பிறந்தநாளும் எல்லா வீட்டிலும் வருவனவே. ஆகவே, அத்திரைக்குப் பின்னால் கணினி என்ன பணி செய்கிறது என்பதையும், நோயுற்றவர் அதனிடமிருந்து எதைக் கேட்டுப் பெறலாம் என்பதையும் இங்கு விளக்க முற்படுகிறோம்.

விரைவுக்காக வந்த கருவி

1948-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பெர்னார்டினோ நகரில் மெக்டொனால்டு சகோதரர்கள் தங்கள் உணவகத்தைத் தொழிற்சாலை போல மாற்றியமைத்தனர். உணவு வகைகளைக் குறைத்தனர். ஒவ்வொரு பணியாளருக்கும் ஒரே வேலையைப் பிரித்துக் கொடுத்தனர். துரித உணவுத் தொழிலின் அடிப்படை அன்றே அமைந்துவிட்டது. கணினி பின்னர் வந்து அதற்கு மேலும் விரைவூட்டியது.

1974-இல் மெக்டொனால்டு உணவகங்களுக்கென இன்டெல் 8008 நுண்செயலியைக் கொண்ட பணப்பதிவு இயந்திரம் உருவாக்கப்பட்டது. அவ்வகை இயந்திரங்களுள் அது மிகவும் முற்பட்டது. 1986-இல் ஜீன் மோஷர் என்னும் அமெரிக்கர், உணவகங்களுக்கான தொடுதிரை மென்பொருளை அடாரி கணினியில் இயக்கிக் காட்டினார்.

இன்று நாம் திரையில் ஒரு படத்தைத் தொட்ட கணமே, அக்கட்டளை சமையற்கூடத்தின் திரைக்குச் செல்கிறது. ரொட்டியைச் சுடுபவருக்கு அவர் பங்கும், வறுப்பவருக்கு அவர் பங்கும் பிரிந்து தெரிகின்றன. நொடிகள் எண்ணப்படுகின்றன, தாமதமாகும் கட்டளை நிறம் மாறி எச்சரிக்கிறது. விற்பனைக்கு ஏற்பச் சரக்குக் கணக்கும் குறைகிறது. எந்த நேரத்தில் எவ்வளவு வறுத்து வைக்கவேண்டும் என்பதையும் முந்தைய நாள்களின் கணக்கைக் கொண்டு கணினியே மதிப்பிட்டுச் சொல்கிறது.

திரை முதலில் எதைக் காட்டுகிறது?

விரைவோடு விற்பனையைப் பெருக்குவதும் இத்திரையின் நோக்கமே. 2018-இல் மெக்டொனால்டு நிறுவனத்தின் அன்றைய தலைமைச் செயல் அலுவலர் ஸ்டீவ் ஈஸ்டர்புரூக் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் இதனை வெளிப்படையாகவே கூறினார். திரையின் முன் கூடுதல் நேரம் நிற்கும் வாடிக்கையாளர் கூடுதலாகத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே அவர் கருத்தின் சாரம். மறு ஆண்டில் அந்நிறுவனம் டைனமிக் யீல்டு என்னும் தொழில்நுட்ப நிறுவனத்தை வாங்கியது. பகற்பொழுது, வானிலை, கடையில் உள்ள நெரிசல் ஆகியவற்றுக்கேற்ப அறிவிப்புப் பலகையில் காட்டும் உணவை மாற்றுவதற்கு அத்தொழில்நுட்பம் பயன்பட்டது.

‘இன்னும் சிறிது விலை கூட்டிப் பெரிய அளவாக வாங்குகிறீர்களா?’, ‘இத்துடன் குளிர்பானமும் சேர்க்கலாமா?’ என்று திரை ஒவ்வொரு முறையும் கேட்கும். கேட்பதில் அதற்குச் சலிப்பும் இல்லை, கூச்சமும் இல்லை. மறுப்பதில் நாமும் கூச்சப்படவேண்டியதில்லை. உண்ணப் போவது இன்னதென்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு செல்வதே இதற்கு எளிய மாற்று.

கேட்டால் கிடைக்கும் எண்கள்

பெரிய உணவக நிறுவனங்களில் ஒவ்வோர் உணவும் ஒரே அளவில், ஒரே செய்முறையில் தயாராகிறது. ஆகவே அதில் உள்ள ஆற்றல், கொழுப்பு, சர்க்கரை, சோடியம் ஆகியவற்றைக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். தெருமுனைக் கடையில் பெறமுடியாத வசதி இது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளைகள் உள்ள உணவகங்கள், உணவுப் பட்டியலில் ஒவ்வோர் உணவுக்கும் எதிரே அதன் கலோரி அளவைக் குறிப்பிடவேண்டும். சோடியம் போன்ற பிற விவரங்கள் அட்டவணையில் இருக்கும். அதனை நாம்தான் தேடிப் பார்க்கவேண்டும், அல்லது பணியாளரிடம் கேட்கவேண்டும்.

உயர் இரத்த அழுத்தமோ இதயச் செயலிழப்போ உள்ளவர்கள் அவ்வட்டவணையில் முதலில் பார்க்கவேண்டியது சோடியத்தையே. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்குக் கொள்ளும் சோடியம் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சோடியத்தின் அளவை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். அதாவது 1,000 மில்லிகிராம் சோடியம் என்பது இரண்டரை கிராம் உப்பு. ஒரு நாளின் வரம்பில் பாதி. சீஸும் சாஸும் சேர்ந்த பெரிய பர்கர் ஒன்றே இந்த அளவை எட்டிவிடக்கூடும். நியூயார்க் நகரம் 2015-இல், 2,300 மில்லிகிராமும் அதற்கு மேலும் சோடியம் உள்ள உணவுகளுக்கு அருகில் உப்புக்குப்பியின் எச்சரிக்கைச் சின்னத்தை இடவேண்டும் என்று பெரிய உணவக நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. அச்சின்னம் இல்லாத ஊரில் அட்டவணையைப் பார்த்து நாமே கணக்கிட்டுக்கொள்ளவேண்டும்.

சிறுநீரக நோயாளர்களுக்குக் கலோரி எண் மட்டும் போதிய வழிகாட்டி ஆகாது. உருளைக்கிழங்கு வறுவலில் பொட்டாசியமும், சீஸிலும் கோலா பானங்களிலும் பாஸ்பரஸும் உண்டு. பட்டியலில் இவை பெரும்பாலும் குறிக்கப்படுவதில்லை. இவற்றுக்கு உங்கள் உணவியல் வல்லுநர் தந்த அளவையே பின்பற்றுங்கள்.

மாற்றிக் கேட்கும் பொத்தான்

வாயால் சொன்ன ‘சாஸ் வேண்டாம்’ என்னும் சொல் நெரிசலில் மறக்கப்படலாம். பல திரைகளில் உணவை மாற்றியமைக்கும் பொத்தான் இருக்கிறது. அதில் சீஸை நீக்கலாம். சாஸைத் தனியே கேட்கலாம். சில இடங்களில் வறுவலுக்கு உப்புத் தூவாமலும் கேட்கலாம். இம்மாற்றம் எழுத்தாகவே சமையற்கூடத் திரையில் தோன்றும். சிறிய அளவைத் தேர்ந்தெடுப்பதும், இனிப்புப் பானத்துக்குப் பதிலாகக் குடிநீரைத் தேர்ந்தெடுப்பதும் இவ்வாறே எளிது. எனினும், சமைப்பவர் மனிதரே என்பதால், பொட்டலத்தைப் பெற்றவுடன் திறந்து சரிபார்த்துவிடுங்கள்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு

இங்கே திரையை மட்டும் நம்புதல் கூடாது. உணவில் சேர்ந்துள்ள பொருள்களைப் பட்டியல் சொல்லும், அது பயனுடையதே. சான்றாக, அமெரிக்காவில் மெக்டொனால்டு விற்கும் உருளைக்கிழங்கு வறுவலில் கோதுமையிலிருந்தும் பாலிலிருந்தும் பெற்ற சுவைப்பொருள்கள் உள்ளன. நாவால் உண்டு பார்த்து இதனை யாரும் அறிய முடியாது, பட்டியலே சொல்லவேண்டும். ஆனால் ஒரே எண்ணெயில் மீனும் காயும் வறுக்கப்பட்டனவா, ஒரே கத்தி இரண்டு உணவுகளுக்கும் பயன்பட்டதா என்பதைக் கணினி அறியாது. ஆகவே கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் பொறுப்பில் உள்ள பணியாளரிடம் நேரில் கேட்டறியவேண்டும். தெளிவான விடை கிடைக்காவிடில் அவ்வுணவைத் தவிர்த்துவிடுவதே நலம்.

இன்சுலினும் வருகை நேரமும்

‘உங்கள் உணவு பத்து நிமிடத்தில் வரும்’ என்று செயலி காட்டுவது ஒரு மதிப்பீடு மட்டுமே. சமையற்கூடத்தின் நெரிசல், சாலையின் தொலைவு ஆகியவற்றைக் கொண்டு கணினி அதனைக் கணிக்கிறது. மழையும் போக்குவரத்து நெரிசலும் அக்கணிப்பைத் தவறாக்கிவிடும். உணவுக்கு முன் விரைவாகச் செயல்படும் இன்சுலினைச் செலுத்திக்கொள்வோர் அந்த நேரத்தை நம்பி ஊசி போட்டுக்கொண்டால், உணவு தாமதமாகும்போது இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். உணவு கைக்கு வந்து, திறந்து பார்த்த பின்னரே இன்சுலினைச் செலுத்துங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் உடனே உட்கொள்ளக் குளுக்கோஸோ சர்க்கரையோ அருகில் இருக்கட்டும்.

செயலியின் நினைவாற்றல்

நாம் வாங்கியவற்றையெல்லாம் செயலி நாள்தோறும் குறித்து வைக்கிறது. நமக்கு மீண்டும் விற்பதற்காக வைத்த அக்குறிப்பு, சிகிச்சைக்கும் உதவும். ‘எப்போதாவதுதான் வெளியுணவு’ என்று மனமறிந்து பொய்யின்றிச் சொல்பவர்களும் எண்ணிக்கையை மறந்திருப்பது இயல்பு. அடுத்த முறை உணவியல் பிரிவுக்கு வரும்போது, கடந்த ஒரு மாதத்தில் வாங்கியவற்றின் பட்டியலைச் செயலியில் திறந்து காட்டுங்கள். உங்களைக் கடிந்துகொள்வதற்காக நாங்கள் அதனைக் கேட்கவில்லை. எதைக் குறைக்கலாம், எதற்கு மாற்று உண்டு, எதை அளவோடு வைத்துக்கொள்ளலாம் என்று சேர்ந்து முடிவு செய்ய அது உதவும்.

ஓர் உணவில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைக் கணினி அறியும். அதனை உண்ணப்போகிறவருக்குச் சென்ற வாரம் கால் வீங்கியிருந்தது என்பதை அது அறியாது. அதனை அறிந்தவர்கள் நீங்களும் உங்கள் குடும்பத்தினருமே. கட்டளையை உறுதிசெய்யும் பொத்தானைத் தொடுமுன், இவ்விரண்டையும் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் எங்களிடம் கேளுங்கள்.