தீச்சுவருக்கு முன் மாற்றுவழி தேவை

கொச்சிக்கடை, செட்டியார் தெரு வணிக நிலையங்களில் ஒரு காலத்தில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவைக்கப்பட்ட பேரேடுகள் பல, இன்று கணினிக்குள் குடியேறிவிட்டன. அக்கணினியும் கடைக்குள் இருப்பதில்லை. எங்கோ ஒரு தரவு நிலையத்தில், ஒரே பெரிய இயந்திரத்தைப் பலருக்கும் பகிர்ந்தளித்து உருவாக்கப்படும் 'மெய்நிகர் கணினி'யாகவே அது இயங்குகின்றது.

இதனுள் நுழைய இரு வழிகள் உண்டு. ஒன்று, இணையம் ஊடான முன்வாசல். 'பயர்வோல்' எனும் தீச்சுவரே அதன் காவலாளி. மற்றையது 'கொன்சோல்'. அக்கணினியின் வலையமைப்பைச் சாராது, அதனைத் தாங்கும் இயந்திரத்தின் ஊடாகத் திரையைக் காட்டுவது இது.

கடைக்குள் சாவியை வைத்துவிட்டுக் கதவை இழுத்துப் பூட்டியவரைப் போல, தீச்சுவரின் விதிகளை மாற்றும்போது தம்மையே வெளியே நிறுத்திக்கொள்வோர் அநேகர். அவ்வேளையில் பதற்றம் உதவாது. முதலில் கொன்சோலைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கு நுழைவுத் திரை தெரியுமாயின் கணினி உயிருடன் உள்ளது. தடை பாதையிலேயே உள்ளது எனக் கருதலாம். கணினிக்குள் இருக்கும் தீச்சுவர், சேவை வழங்குநர் வெளியே அமைத்துள்ள தீச்சுவர் ஆகிய இரண்டையும் சோதிக்க வேண்டும். ஒன்று அனுமதித்து மற்றையது மறுத்தாலும் வழி கிடைக்காது. ஆத்திரத்தில் தீச்சுவரையே முற்றாக அகற்றிவிடுவது திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

கொன்சோலும் இயங்குதளம் ஆரம்பமாகாது தடைப்பட்டு நிற்பதைக் காட்டுமாயின், தீச்சுவரைக் குறைகூறிப் பயனில்லை. 2024 ஜூலை 19 ஆம் திகதி 'கிரவுட்ஸ்ட்ரைக்' பாதுகாப்பு மென்பொருளின் தவறான இற்றைப்படுத்தலால், மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அவற்றுள் மெய்நிகர் கணினிகள் பலவற்றின் வட்டைக் கழற்றி, வேறொரு மெய்நிகர் கணினியில் இணைத்து, பழுதான கோப்பை நீக்கியே மீட்க நேர்ந்தது.

கொன்சோல் திறந்தும் உள்ளே நுழைய முடியாத நிலையும் உண்டு. மறைக்குறியீட்டுச் சாவியால் மட்டும் நுழையுமாறு அமைக்கப்பட்ட லினக்ஸ் கணினிகள் பலவற்றில் கடவுச்சொல்லே இருப்பதில்லை. கொன்சோலோ கடவுச்சொல்லையே கேட்கும். ஆகவே அதனை முன்கூட்டியே அமைத்து, ஒருமுறையேனும் பரீட்சித்துப் பார்ப்பது அவசியம். விதிகளை மாற்றும்போது தமக்குரிய அனுமதியை முதலில் எழுதுதல், பழைய இணைப்பைத் துண்டிக்காது புதிய இணைப்பொன்றைச் சோதித்தல், பத்து நிமிடங்களில் பழைய விதிகள் தாமாகவே மீளுமாறு ஏற்பாடு செய்தல் ஆகியன அனுபவசாலிகள் கைக்கொள்ளும் நடைமுறைகளாகும்.

மாற்றுவழி பிரதான வழியோடு பிணைந்திருப்பின் நேரும் கதியை நம் நாடே கண்டது. 2023 ஒகஸ்ட் இறுதியில் இலங்கை அரச மேகக்கணினி வலையமைப்பு, கப்பம் கோரும் நச்சுமென்பொருளின் தாக்குதலுக்கு இலக்கானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. காப்புப் பிரதிகளும் அதே தாக்குதலில் சிக்கியமையால், மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் மீளக் கிடைக்கவில்லை.

அரசுக்கே இக்கதியெனில், கணினி விடயத்தை முழுவதுமாக வெளியார் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டிருக்கும் சிறு வணிகரின் நிலையை விளக்க வேண்டியதில்லை. கொன்சோலுக்குரிய கடவுச்சொல் யாரிடம் உள்ளது, காப்புப் பிரதி எங்குள்ளது, அது கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது ஆகிய மூன்று வினாக்களையும் ஒவ்வொரு நிறுவன உரிமையாளரும் இன்றே கேட்டறிதல் வேண்டும். சுவர் எழுப்புவது அவசியமே. ஆயினும் அதற்கு முன்னரே மாற்றுச் சாவியை வெளியே பத்திரப்படுத்துவது அதனிலும் அவசியம் என்பதே எமது கருத்தாகும்.