த பெஸ்ட் ஆஃப் இத்தாலோ டிஸ்கோ

த பெஸ்ட் ஆஃப் இத்தாலோ டிஸ்கோ என்பது அன்றைய மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த இசட்.ஒய்.எக்ஸ் நிறுவனம் 1983 ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட வினைல் இசைத்தட்டுத் தொகுப்பு வரிசை ஆகும். சிந்தசைசர், டிரம் இயந்திரம் ஆகியவற்றைக் கொண்டு இத்தாலியில் உருவாக்கப்பட்ட நடனப் பாடல்கள் இதில் திரட்டப்பட்டன. ஓர் இசை வகைக்கே பெயரை நிலைநிறுத்திய தொகுப்பு என்பது இதன் வரலாற்றுச் சிறப்பாகும்.

பெயர்

இத்தாலோ டிஸ்கோ என்னும் பெயரைப் பரவச் செய்தவர் இந்நிறுவனத்தைத் தொடங்கிய பெர்ன்ஹார்ட் மிக்குல்ஸ்கி என்னும் ஜெர்மானியர். சிறு நிறுவனங்கள் தனித்தனியாக வெளியிட்ட பாடல்களை ஒரே பெயரின் கீழ் ஒரே உறையில் விற்றபோது, அவை ஓர் இசை வகையாக அறியப்படலாயின. ஆகவே, இத்தாலிய இசைக்கான இப்பெயர் இத்தாலிக்கு வெளியே, விற்பனைத் தேவையிலிருந்து பரவியது எனலாம்.

பின்னணி

1977 இல் டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்' என்னும் பாடலில், இத்தாலியரான ஜார்ஜியோ மொரோடர் ஏறத்தாழ இசை முழுவதையும் மூக் சிந்தசைசரைக் கொண்டே அமைத்திருந்தார். பின்னர் அமெரிக்காவில் டிஸ்கோ இசைக்கு எதிர்ப்பு எழுந்தது. 1979 சூலை 12 அன்று சிக்காகோ விளையாட்டரங்கு ஒன்றில் டிஸ்கோ இசைத்தட்டுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அமெரிக்காவில் டிஸ்கோவின் செல்வாக்குக் குறைந்த அக்காலத்தில், இத்தாலியத் தயாரிப்பாளர்கள் மின்னணுக் கருவிகளின் துணையுடன் தாமே நடன இசைத்தட்டுகளை உருவாக்கினர்.

இசைக் கூறுகள்

பெரிய வாத்தியக் குழுவுக்கு மாறாக, ஓரிருவரே சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பாடலை முடிக்க இயன்றமை இவ்வகையின் அடிப்படையாகும். ரோலண்ட் டி.ஆர்-808 (1980), லின்டிரம் (1982) போன்ற டிரம் இயந்திரங்கள் தாளத்தைச் சீராக இசைத்தன. சீக்வென்சர் என்னும் கருவி, முன்கூட்டியே பதியப்பட்ட சுரவரிசையைத் தானே திரும்பத் திரும்ப இயக்கும். கீழ்ச் சுரமும் அதன் மேல் எண்மச் சுரமும் மாறி மாறி ஒலிக்கும் தாழ்தொனி வரி இவ்வகைப் பாடல்கள் பலவற்றில் காணப்படும். பாடல் வரிகள் பெரும்பாலும் எளிய ஆங்கிலத்தில் அமைந்தவை.

இசைத்தட்டும் பாடலின் நீளமும்

நடன அரங்குகளுக்கான பாடல்கள் 12 அங்குலத் தட்டுகளில், பெரும்பாலும் நிமிடத்திற்கு 45 சுழற்சி வேகத்தில், நீண்ட வடிவில் வெளியாயின. தொகுப்புத் தட்டு வழக்கமாக நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும். அதன் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 20 நிமிட இசையை நல்ல ஒலியளவுடன் பதியலாம். தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள் உரக்கப் பதியப்படும்போது தட்டின் பள்ளங்கள் அகலமாக அசைவதால், அவற்றுக்கிடையே கூடுதல் இடம் தேவைப்படும். எனவே பாடல்களின் எண்ணிக்கை கூடினால் அவற்றின் நீளத்தையோ ஒலியளவையோ குறைக்க நேரிடும். பாடல்களின் பகுதிகளை இடைவெளியின்றி இணைத்த 'இத்தாலோ பூட் மிக்ஸ்' தட்டுகளையும் இதே நிறுவனம் வெளியிட்டது.

பெயர்களும் குரல்களும்

தொகுப்பின் உறையில் பல கலைஞர்களின் பெயர்கள் காணப்பட்டாலும், இவ்வகைப் பாடல்கள் பலவற்றின் பின்னே இயங்கியவர்கள் சிலரே. 1983 இல் வெளியாகி ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்ற கசெபோவின் 'ஐ லைக் ஷோப்பேன்', ரயன் பாரிசின் 'டோல்சே வீத்தா' ஆகிய இரண்டுக்கும் இசையமைத்தவர் பியர்லூயிஜி ஜியோம்பினி.

சில வேளைகளில் மேடையில் தோன்றியவர் ஒருவர், பாடியவர் வேறொருவர். டென் ஹாரோ என்னும் பெயரில் தோன்றியவர் ஸ்டெஃபானோ சாந்திரி; 'டோன்ட் பிரேக் மை ஹார்ட்' (1987) முதலிய பாடல்களைப் பாடியவர் அமெரிக்கரான டாம் ஹூக்கர். பணம் எனப் பொருள்படும் 'தெனாரோ' என்னும் இத்தாலியச் சொல்லிலிருந்தே அம்மேடைப் பெயர் அமைக்கப்பட்டது. இவ்விருவருக்கும் இடையிலான பிணக்கை 'டான்ஸ் ஆஃப் டிஸ்கோ' (2018) என்னும் ஆவணப்படம் விவரிக்கிறது. ஆகவே உறையில் உள்ள கலைஞர் பெயரை மட்டும் கொண்டு, பாடியவர் இன்னார் என முடிவு செய்ய இயலாது.

தாக்கம்

1982 இல் வெளியான கிளைன் அண்ட் எம்.பி.ஓ குழுவின் 'டர்ட்டி டாக்' போன்ற இத்தாலியத் தட்டுகள் சிக்காகோவின் நடன அரங்குகளில் விரும்பி இசைக்கப்பட்டன. டிஸ்கோ தட்டுகள் தகர்க்கப்பட்ட அதே நகரில் பின்னர் உருவான ஹவுஸ் இசைக்கு இவையும் ஒரு தூண்டுகோலாயின. 1980களின் இறுதியில் இத்தாலோ டிஸ்கோவின் செல்வாக்குக் குறைந்து, இத்தாலோ ஹவுஸ் அதன் இடத்தைப் பிடித்தது. குறைந்த எண்ணிக்கையில் அச்சான தனித் தட்டுகள் பல கிடைத்தற்கரியனவாகிவிட்ட நிலையில், அவற்றிலிருந்த பாடல்களைப் பிற்காலத்தவர் கேட்பதற்குத் தொகுப்புகள் பெரிதும் உதவின.

இவற்றையும் பார்க்க

டிஸ்கோ
ஹவுஸ் இசை
சிந்தசைசர்