செல்போனுக்குச் சட்டை மாட்டும் முன்...

ஆடிக் கிருத்திகை முடிந்த மறுவாரம். நகரியிலிருந்து மூட்டுவலிக்குத் தைலம் வாங்க வருகிற பெரியவர் ஒருவர், எழுபது வயதிருக்கும், என் எதிரே உட்கார்ந்திருந்தார். நாடி பார்க்கக் கையை நீட்டச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு நீட்டினார். புத்தகம் போலத் திறந்து மூடுகிற கவர். மூடினால் 'டக்'கென்று தானே ஒட்டிக்கொள்கிறது.

"பேரன் வாங்கிக் குடுத்தான் சார். எத்தனை தடவை கீழே போட்டாலும் ஒண்ணும் ஆகலை. நல்ல கெட்டி!"

கவர் கெட்டிதான். ஆனால் பெரியவருக்கு இடது தோள்பட்டைக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு நேர் மேலே, சட்டைப் பையில், நாள் முழுக்கக் காந்தம்!

"ஐயா, முதல்ல அந்தப் போனைக் கைப்பைக்கு மாத்துங்க. மத்ததெல்லாம் அப்புறம்" என்றேன்.

சித்த வைத்தியனுக்குச் செல்போன் கவரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இதுதான் வேலை. எந்தக் கவர் உழைக்கும் என்று விசாரிக்கிற நாம், அது யார் உடம்பை ஒட்டி இருக்கப்போகிறது என்று விசாரிப்பதில்லை.

பேஸ்மேக்கருக்குள் காந்தத்தை உணரும் ஓர் அமைப்பு உண்டு. டாக்டர்கள் பரிசோதனைக்காக வேண்டுமென்றே வைத்தது அது. பலமான காந்தம் அருகே வந்தால், இதயத்தின் துடிப்பைக் கவனித்து அதற்கேற்ப நடப்பதை விட்டுவிட்டு, கருவி ஒரே வேகத்தில் துடிப்புக் கொடுக்க ஆரம்பித்துவிடும். அதிர்ச்சி கொடுத்து உயிர் காக்கும் டிஃபிப்ரிலேட்டர் பொருத்தியவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தேவையான நேரத்தில் அந்த அதிர்ச்சியே கிடைக்காமல் போகலாம். பின்பக்கம் காந்த வளையம் உள்ள ஐபோன் 12-ஐ நெஞ்சருகே கொண்டுபோனபோது டிஃபிப்ரிலேட்டர் தன் வேலையை நிறுத்தியதை அமெரிக்க டாக்டர்கள் 2021-ல் எழுதினார்கள். இப்படிப்பட்ட கருவி உள்ளவர்கள் செல்போனைச் சுமார் 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கவேண்டும் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் அதே ஆண்டு சொன்னது. நம் கணக்கில், ஒரு சாண் தள்ளி வைத்தால் கவலையில்லை. காந்தத்தை நகர்த்தியதும் கருவி பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதனால் பயந்து நடுங்க வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும். காந்தக் கவரா இல்லையா என்று தெரியவில்லையா? ஒரு குண்டூசியைக் காட்டிப் பாருங்கள். தெரிந்துவிடும்.

அடுத்தது தோல். கன்னத்திலும் காதோரமும் அரித்து, தடித்து, கரப்பான் போல வருகிறவர்களிடம் நான் முதலில் சாப்பாட்டைக் கேட்பேன். இப்போதெல்லாம் போனையும் கேட்கிறேன். பளபளக்கும் உலோக ஓரங்களில் நிக்கல் இருந்தால், ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பேசும் பக்கக் கன்னத்தில் மட்டும் அரிப்பு வரும். பிரிட்டனின் தோல் மருத்துவர்கள் சங்கம் இதைப் பற்றி 2008-லேயே எச்சரித்தது. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிற பெண்கள் உலோக ஓரம் வைத்த கவரைத் தொடவே வேண்டாம்.

திரவத்தில் ஜிகினா மிதக்கும் கவர் ஒன்று வருகிறதே, பெண் குழந்தைகள் ஆசைப்பட்டுக் கேட்பார்கள். ஐபோனுக்கான அப்படிப்பட்ட கவர்களில் சுமார் 2,63,000-ஐ அமெரிக்காவில் 2017-ல் திரும்பப் பெற்றார்கள். உள்ளே இருந்த திரவம் கசிந்து தோல் வெந்து கொப்பளித்ததுதான் காரணம். வீட்டில் இருந்தால் விரிசல் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

சரி, உழைக்கிற கவர் எது?

நம்மூர் மலைக்கு 365 படி. போனைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறவர்களை தினமும் பார்க்கிறேன். (அவர்கள் விழாமல் வீடு சேர்வது முருகன் தயவு. இந்தக் கட்டுரையில் போன் விழுவதைப் பற்றி மட்டும் பேசுவோம்.) போன் பெரும்பாலும் மூலையில்தான் அடி வாங்குகிறது. கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறோமே, ஏன்? பந்து நிற்கிற நேரம் கொஞ்சம் நீண்டால் அடி குறையும். மெத்தென்ற கவரும் அதைத்தான் செய்கிறது. தகடு மாதிரி மெல்லிய கெட்டி பிளாஸ்டிக் கவர் கீறலைத் தடுக்கும், அடியை அப்படியே கண்ணாடிக்குக் கடத்திவிடும். வெளியே கெட்டி, உள்ளே மெத்து என்று இரண்டு அடுக்காக உள்ளதுதான் என் ஓட்டு. கடையில் சிலிக்கான் என்று சொல்லி விற்கும் கவர்களில் பல டி.பி.யூ. என்ற ஒருவகை பிளாஸ்டிக். அதுவும் நல்லதுதான். கட்டைவிரலால் மூலையை அழுத்தினால் லேசாக அமுங்கித் திரும்ப வேண்டும். போனைக் கவிழ்த்து வைத்தால் கண்ணாடி மேஜையில் படக்கூடாது. அடியில் ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைய வேண்டும். கேமரா பக்கமும் அப்படியே.

அட்டையில் 'மிலிட்டரி கிரேடு' என்று போட்டிருந்தால் ராணுவம் சோதித்துக் கொடுத்ததாக நினைக்காதீர்கள். அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறை ஒன்று இருக்கிறது. சுமார் 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 விதமாகப் போட்டுப் பார்ப்பது. அதைக் கம்பெனிக்காரரே செய்துகொண்டு அவரே அட்டையில் போட்டுக்கொள்ளலாம். விழுகிற தரையும் கான்கிரீட்மேல் போட்ட பலகை. நம் கருங்கல் படி அல்ல!

'கதிர்வீச்சைத் தடுக்கும் கவர்' என்று கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சிக்னலை மறைத்தால், டவரை எட்டிப் பிடிக்க போன் இன்னும் அதிக சக்தியோடு வேலை செய்யும், அவ்வளவுதான். இந்தியாவில் விற்கும் போன்களுக்கு 2012 செப்டம்பரிலிருந்து கிலோவுக்கு 1.6 வாட் என்ற கதிர்வீச்சு வரம்பு உண்டு.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மே மாதம் 40 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். பெரும்பாலான போன்கள் சுற்றுப்புறம் 35 டிகிரி வரை இருக்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. அதற்கு மேலே தடித்த ரெக்சின் கவர், அதற்குள் பத்து விசிட்டிங் கார்டு, இரண்டு நூறு ரூபாய் நோட்டு! சூடு எங்கே போகும்? பேட்டரிதான் ஆயுசை இழக்கும். சார்ஜ் போடும்போது போன் சுட்டால் கவரைக் கழற்றிவிடுங்கள். தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவது கவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூடாது.

வாரம் ஒருமுறை கவரைத் தனியே கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். தோல் கவராக இருந்தால் துடைத்தால் போதும். உள்ளே மணலும் விபூதியும் புகுந்தால் போனின் முதுகை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். வெள்ளைக் கவர் மஞ்சளாவது வெயிலும் சூடும் செய்கிற வேலை, எலுமிச்சம்பழம் தேய்த்தால் போகாது. மஞ்சளானதோடு விறைத்தும் தளர்ந்தும் போயிருந்தால் மாற்ற வேண்டியதுதான். தளர்ந்த கவரிலிருந்து போன் விழும் வேகத்தில் தெறித்துவிடும்.

சட்டைப் பையை நம்பவே நம்பாதீர்கள். திருப்போரூர் கந்தசாமி கோயிலில் பக்தர் ஒருவரின் ஐபோன் உண்டியலில் விழுந்துவிட, 'உண்டியலில் விழுந்தது சாமிக்கே' என்று ஆகிப்போன செய்தியை 2024 டிசம்பரில் படித்திருப்பீர்கள். எந்தக் கவர் போட்டு என்ன பயன்?

நகரிப் பெரியவர் போன வாரம் மறுபடி வந்தார். காந்தம் இல்லாத கறுப்பு ரப்பர் கவர், அதில் ஒரு கயிறு. போன் மஞ்சப்பையில், தைலப் பாட்டிலோடு இருந்தது. "எண்ணெய் பட்டா கவர் கெட்டுடுமா சார்?" என்று கேட்டார். பாட்டிலைத் தனியாகக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.