தள்ளுவண்டிக்கு ஐந்து வருஷம், கடைக்கு ஆறு வருஷம்

மும்பை அன்டாப் ஹில் தபால் நிலையத்துக்கு அருகே ஒரு அரசுக் கட்டடம் இருக்கிறது. வடாலாவில் குடியிருக்கும் தமிழர்கள் பலரும் தினமும் அதைக் கடந்து போகிறார்கள். பெயர் பௌத்திக் சம்பதா பவன். இந்தியாவின் வணிகச் சின்னப் பதிவகத்துக்குத் தலைமையிடம் இதுதான். கடைப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் அலுவலகம் வடாலாக்காரருக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. தனிநபரோ சிறுதொழில் செய்பவரோ ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகைக்கு 4,500 ரூபாய் கட்டணம், மற்றவர்களுக்கு 9,000. பதிவாகிவிட்டால் 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

தோசைக்குப் போய் வணிகச் சின்னமா என்று சிரிப்பவர்களுக்கு மும்பையிலேயே பதில் உண்டு. ‘தோசா பிளாசா’ பிரேம் கணபதி தன் கடைப் பெயரோடு நிற்கவில்லை. தான் உருவாக்கிய தோசைகள் சிலவற்றின் பெயர்களுக்கும் பதிவு வாங்கி வைத்தார். அந்த நிலைக்கு அவர் வந்து சேர்ந்த வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். புதிதாகத் தொழில் தொடங்குகிறவருக்கு வேண்டிய பாடங்களில் பாதி அதிலேயே இருக்கிறது.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் நாகலாபுரத்துக்காரர் அவர். 1990-ல், 17 வயதில், மாதம் 1,200 ரூபாய் சம்பளத்தில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவரை நம்பி மும்பைக்கு ரயில் ஏறினார். அழைத்து வந்தவர் பாந்த்ராவில் அவரை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். மாஹிமில் ஒரு பேக்கரியில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது, சம்பளம் 150 ரூபாய். பிறகு செம்பூரில் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, நவி மும்பையில் டீ கொடுக்கும் வேலை. டீ விற்றதில் அவருக்கு வாடிக்கையாளர்கள் சேர, ஒருவர் கூட்டாகக் கடை போடலாம் என்று அழைத்தார். லாபத்தில் ஆளுக்குப் பாதி என்பது வாய்ப்பேச்சு. கடை ஓடத் தொடங்கியதும் அந்தக் கூட்டு உடைந்தது.

நம் ஆட்கள் இன்றும் இப்படித்தான் கூட்டுச் சேர்கிறார்கள். “நமக்குள்ள என்ன பத்திரம், அண்ணாச்சி?” என்று கேட்டால் மறுபேச்சுப் பேசச் சங்கடமாக இருக்கும். கேட்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் யார் எவ்வளவு போட்டார், லாபத்தை எப்போது பிரிப்பது, ஒருவர் விலகினால் சாமான் யாருக்கு, இடத்தின் டிபாசிட் யாருக்கு என்ற நான்கையும் எழுதி வைத்துக் கையெழுத்துப் போட ஒரு மத்தியானம் போதும். சண்டை வந்த பிறகு எழுதிக் கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

1992-ல் கணபதி வாஷி ரயில் நிலையத்துக்கு எதிரே இட்லி தோசை வண்டி போட்டார். வண்டி வாடகை 150 ரூபாய். பாத்திரம், அடுப்பு, அரிசி, உளுந்துக்கெல்லாம் சேர்த்து 1,000 ரூபாய். ஊரிலிருந்து தம்பிகள் வந்து சேர்ந்துகொண்டார்கள். தலையில் தொப்பி, இடுப்பில் ஏப்ரன், துடைத்த வண்டி என்று தெருக் கடையிலேயே சுத்தம் பார்த்தார். மாநகராட்சிக்காரர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனதும், அபராதம் கட்டி மீட்டு வந்ததும் ஒன்றிரண்டு முறை அல்ல. மாதம் 20,000 ரூபாய் வரை கையில் நின்றது என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த வருமானம் வந்த பிறகும் உடனே கடைக்குப் போகவில்லை. 1997-ல்தான் வாஷியில் 50,000 ரூபாய் டிபாசிட், 5,000 ரூபாய் வாடகையில் சின்ன இடம் பிடித்தார்.

சீன உணவும் விற்றுப் பார்த்தார், எடுபடவில்லை. அதே ஷெஸ்வான் காரத்தையும் பன்னீர் சில்லியையும் தோசைக்குள் வைத்தபோது கூட்டம் வந்தது. முதல் வருஷம் 26 வகைத் தோசை. 2002-க்குள் நூறைத் தாண்டிவிட்டது. 2003-ல் வாஷி சென்டர் ஒன் மாலில் கடை. அதன் பிறகுதான் கிளைகளும் வெளிநாடும்.

தள்ளுவண்டியில் ஐந்து வருஷம், சின்னக் கடையில் ஆறு வருஷம். வெற்றிக் கதை சொல்கிறவர்கள் தாண்டிப் போய்விடும் பகுதி இது. எந்த நேரத்தில் எவ்வளவு விற்கும், எந்த மாவு மழைக்காலத்தில் புளிக்காமல் சதி செய்யும், யார் கடன் சொல்வார் என்பதையெல்லாம் அவர் குறைந்த வாடகையில் கற்றுக்கொண்டார். நம்மில் பலர் இதையே முப்பதாயிரம் ரூபாய் வாடகைக் கடையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளப் பார்க்கிறோம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். ஒரு உதாரணத்துக்கு, மசால் தோசை 60 ரூபாய். மாவு, மசால், எண்ணெய், சட்னி, சாம்பார் 20 ரூபாய், கேஸ் 4, பொட்டலம் 3. மிச்சம் 33 ரூபாய். கடை வாடகை 30,000, இரண்டு ஆள் சம்பளம் 32,000, கரண்டும் தண்ணீரும் 4,000 என்றால் மாதத்துக்கு 66,000. இதை அடைக்க மட்டும் 2,000 தோசை விற்க வேண்டும். மாதம் 26 நாள் கடை திறந்தால் தினம் 77. முதலாளி வீட்டுக்கு 33,000 எடுத்துக்கொண்டுபோக வேண்டுமானால் தினம் 115-க்கு மேல். அதே தோசையை டெலிவரி ஆப் வழியாக விற்று, அவர்கள் கால் பங்கு கமிஷன் எடுத்துக்கொண்டால், 33 ரூபாய் 18 ஆகிவிடும். அப்போது தினம் இருநூற்றுக்கு மேல் ஊற்ற வேண்டும். ஒரு கல்லில், ஒரு மாஸ்டர் கையில், காலை நேரக் கூட்டத்தில் இருநூறு தோசை வருமா என்பதை யோசித்துவிட்டு டிபாசிட் கொடுப்பது நல்லது.

தன் உழைப்புக்குக் கூலி எழுதாமல் கணக்குப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். கணவன் கல்லாவில், மனைவி அடுப்பில், மகன் பார்சலில் என்று மூன்று பேர் சம்பளமில்லாமல் நின்றால் எந்தக் கடையும் லாபத்தில் ஓடுவதுபோலத்தான் தெரியும்.

விற்றுப் பார்க்காமல் இடம் பிடிக்காதே என்பதற்குப் பெங்களூரிலும் ஒரு சாட்சி இருக்கிறது. முஸ்தபாவும் அவருடைய உறவுப் பையன்களும் 2005-ல் ‘ஐடி ஃபிரெஷ்’ மாவைத் தொடங்கியது 50 சதுர அடி அறையில், 50,000 ரூபாயில். சுற்றியிருந்த 20 கடைகளுக்கு மட்டும் பாக்கெட் போட்டார்கள். தினம் 100 பாக்கெட் விற்ற பிறகுதான் அடுத்த அடி என்று முடிவு செய்திருந்தார்கள். அந்த நூறை எட்ட ஒன்பது மாதம் ஆயிற்று. வடாலாவில் மாவோ முறுக்கோ பொடியோ செய்து விற்க நினைப்பவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். பக்கத்து ஹவுசிங் சொசைட்டி நான்கு, வாட்ஸ்ஆப் குழு ஒன்று, மளிகைக் கடை ஐந்தாறு. தெரிந்தவர்கள் வாங்குவதை விற்பனைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவர்கள் முதல் மாதம் பாசத்துக்கு வாங்குவார்கள். மூன்றாவது மாதமும் தெரியாத ஒருவர் கேட்டு வாங்கினால்தான் அது வியாபாரம். தாராவியில் விடியற்காலை இட்லி அவித்து சைக்கிளில் ஏற்றி, ஹாரனை அமுக்கியபடி நகரமெங்கும் போகும் நம் ஆட்களுக்கு இது புதிதல்ல. கொண்டுபோன பாத்திரம் எத்தனை மணிக்குக் காலியாகிறது என்பதுதான் அவர்கள் அறிந்த சந்தை ஆய்வு.

இடம் பிடிக்கும்போது புரோக்கர் காட்டுவது முகப்பை. பார்க்க வேண்டியது பின்பக்கம். மாநகராட்சித் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது, சேமிக்கத் தொட்டி வைக்க இடம் உண்டா, சாக்கடை வழி எங்கே, ஜூலை மழையில் தெருவில் நீர் எங்கே தேங்குகிறது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரிக்க வேண்டும். அடுப்புக்கு வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டர் வைப்பது சட்டப்படி தவறு. 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்தான் வேண்டும். கணக்கில் கேஸ் செலவு குறைவாக வந்தால், போட்டவர் வீட்டு சிலிண்டர் விலையைப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

மும்பையில் லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குப் போடுவார்கள். 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைச் சட்டப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்திருக்க வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு இடத்துக்காரருடையது. வீட்டுக்கு 11 மாதம் சரி. இரண்டு லட்சம் செலவழித்துப் புகைக்கூண்டும் கல்லும் டைல்ஸும் போடும் கடைக்கு அது போதாது. மூன்று வருஷமாவது கேட்டு வாங்குங்கள். தாராவியில் இடம் பார்ப்பவருக்கு இன்னொரு கவலையும் சேர்கிறது. 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் வென்ற மறுசீரமைப்புத் திட்டத்தில் தகுதி பெறுவது 2000 ஜனவரி 1 என்ற தேதியையும், கட்டடத்தின் எந்தத் தளம் என்பதையும், கையிலுள்ள சான்றுகளையும் பொறுத்தது. மாடியறையை வாடகைக்கு எடுத்து மெஷின் இறக்குமுன் இடத்துக்காரரிடம் என்ன காகிதம் இருக்கிறது என்று கேட்டுவிட வேண்டும்.

காகிதம் என்றாலே ஏஜெண்டிடம் ஓடுவது அவசியமில்லை. சாப்பிடும் பொருள் எதுவானாலும், வீட்டுச் சமையலறையில் செய்தாலும், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு வேண்டும். 2011 விதிகள் வந்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் எளிய பதிவு, அதற்கு மேல் உரிமம் என்று வகுத்தார்கள். வரம்புகள் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் நாளில் ஆணையத்தின் இணையதளத்தில் உள்ளதே சரி. கிடைக்கும் 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும். உட்கார்ந்து சாப்பிடும் கடைக்கு மாநகராட்சியின் சுகாதார உரிமமும் தேவை. அது 1888-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தின் 394-ஆம் பிரிவில் வருகிறது. வடாலா, மாட்டுங்கா, சயானுக்கு எஃப் வடக்கு வார்டு. தாராவிக்கு ஜி வடக்கு. செம்பூருக்கு எம் மேற்கு. வார்டு மாறிப் போய் ஒரு நாள் வீணாக்குபவர்கள் நிறைய. ஜி.எஸ்.டி. எல்லாருக்கும் முதல் நாளே வேண்டியதில்லை: பொருள் விற்பனைக்கு ஆண்டுக்கு 40 லட்சம், உணவகம் போன்ற சேவைக்கு 20 லட்சம் என்பது பொது வரம்பு.

பணத்துக்கு முதலில் நினைவு வருவது நகை. அதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு. தெரு வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி 2020 ஜூனில் 10,000 ரூபாயில் தொடங்கியது. 2025-ல் முதல் தவணையை 15,000 ஆக்கி, அதை ஒழுங்காகக் கட்டினால் 25,000, பிறகு 50,000 என்று வைத்து, 2030 மார்ச் வரை நீட்டித்தார்கள். சொத்துப் பிணை கேட்காத முத்ரா கடனில் ‘சிஷு’ பிரிவு 50,000 வரை, ‘கிஷோர்’ 5 லட்சம் வரை, ‘தருண்’ 10 லட்சம் வரை. அதிகம் தருகிறார்கள் என்பதற்காக அதிகம் வாங்க வேண்டியதில்லை. இதே மும்பையில் கிர்காவில் 1959 மார்ச் 15 அன்று ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கியதுதான் லிஜ்ஜத் அப்பளம். கடன் வாங்கும்போது கடை அலங்காரத்துக்கு எவ்வளவு என்று பார்ப்பதைவிட, வியாபாரமே இல்லாத முதல் நான்கு மாதத்துக்கு எவ்வளவு கையில் இருக்கும் என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

கடைசியாக, சிறுதொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதற்கு மட்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். தாராவியில் தோல் பை தைத்துக் கம்பெனிகளுக்குக் கொடுப்பவருக்கும், அலுவலகங்களுக்குச் சாப்பாடு போடுபவருக்கும் இதில் பெரிய பிடிமானம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அரசின் இணையதளத்தில் புகார் பதியலாம். 2024 ஏப்ரலிலிருந்து, குறித்த காலத்தில் பணம் தராத கம்பெனி அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது என்ற விதியும் சேர்ந்திருக்கிறது. அதனால் “அடுத்த மாசம் பாக்கலாம்” என்று இழுக்கும் கணக்குப் பிரிவுக்காரரிடம் உத்யம் எண் போட்ட பில் கொஞ்சம் பேசும். ஆனால் சரக்குக் கொடுப்பதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். பாக்கி நின்ற பிறகு பதிந்தால் பழைய பாக்கிக்கு உதவாது.

இந்தப் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும். கட்டணம் ஒரு பைசா கிடையாது, புதுப்பிக்கவும் வேண்டாம். கூகுளில் தேடினால் அரசுச் சின்னத்தைப் போலவே ஒன்றைப் போட்டுக்கொண்டு ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் தளங்கள் முதலில் வந்து நிற்கும். முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு ஆதார் எண்ணை அடியுங்கள். மற்ற எதிலும் பணம் கட்ட வேண்டாம்.