அழகான கதிருக்கு முதல் பரிசு

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வருஷா வருஷம் "ஸ்டேட் ஃபேர்" என்று ஒன்று நடக்கும். நம்ம தீவுத்திடல் பொருட்காட்சியையும் ஒரு பெரிய மாட்டுச் சந்தையையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினால் கிட்டத்தட்ட அதுதான். ராட்டினம், குச்சியில் செருகிய தீனி, பாட்டுக் கச்சேரி எல்லாம் உண்டு. அயோவா மாநிலத்தில் 1911லிருந்து வெண்ணெயிலேயே முழு சைஸ் பசுமாடு செய்து வைக்கிறார்கள். பதினோரு நாளில் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள்.

ஆனா இதையெல்லாம் பார்க்கவா ஆரம்பித்தார்கள்? இல்லை. 1807ல் மாசசூசெட்ஸ் மாநிலம் பிட்ஸ்ஃபீல்டில் எல்கானா வாட்சன் என்பவர் இரண்டு மெரினோ ஆடுகளை ஊர்ப் பொது இடத்தில் கட்டி வைத்தார். விற்பதற்கு இல்லை, சும்மா பார்க்கத்தான். கூட்டம் கூடியது. அதிலிருந்துதான், கால்நடைகளைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தி, நல்லதுக்குப் பரிசு கொடுக்கும் யோசனை பிறந்தது. ஐரோப்பியச் சந்தைக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. அது வாங்கி விற்கும் இடம், இது ஒப்பிட்டுப் பார்க்கும் இடம். மாநில அளவில் முதல் ஃபேர் 1841ல் நியூயார்க்கின் சிரக்யூஸ் நகரில் நடந்தது. அயோவாவில் 1854ல் ஃபேர்ஃபீல்ட் என்ற ஊரில் தொடங்கி, ஊர் ஊராகச் சுற்றி, 1886ல் டி மாய்னில் இப்போதுள்ள இடத்துக்கு வந்து சேர்ந்தது.

சரி, ஒப்பிடுவது என்றால் எதை வைத்து? சாஃப்ட்வேர்காரனான எனக்கு இந்தக் கேள்விதான் சுவாரசியம். பன்றி என்றால் எடை போடலாம். மக்காச்சோளத்தை என்ன செய்வது? வயல் முழுக்கத் தூக்கிக்கொண்டு ஃபேருக்கு வர முடியாதே! அதனால் பத்துக் கதிர் கொண்டுவரச் சொன்னார்கள். அதற்கு மதிப்பெண் போட ஒரு ஸ்கோர் கார்டு. கதிர் உருளை மாதிரி இருக்கா, வரிசை நேரா இருக்கா, அடியிலும் நுனியிலும் மணி நிறைஞ்சிருக்கா, பத்தும் ஒரே அச்சா இருக்கா, நிறம் கலப்பில்லாம இருக்கா. ஒவ்வொன்றுக்கும் இத்தனை மார்க். ரீட்ஸ் யெல்லோ டென்ட் என்ற ரகம் 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் பரிசு வாங்கியதும், அந்த உருவம்தான் கதிருக்கு இலக்கணம் என்று ஆகிவிட்டது. ஜெயித்தவரின் விதைக்கு நல்ல விலை. எனவே விவசாயிகளும் அழகான கதிராகப் பார்த்துப் பொறுக்கி விதைக்கு எடுத்து வைத்தார்கள்.

ஏக்கருக்கு எவ்வளவு விளையும்? கார்டில் அந்தக் கேள்வியே இல்லை. இத்தனைக்கும் 1859லேயே விஸ்கான்சின் ஃபேரில் பேசிய லிங்கன் (அப்போது அவர் அதிபர் இல்லை) ஏக்கர் விளைச்சலைப் பற்றித்தான் விரிவாகப் பேசினார்.

அயோவா வேளாண் கல்லூரியில் பெர்ரி ஹோல்டன் என்ற பேராசிரியர் இந்த நடுவர் கலையில் பெரிய ஆள். ரயிலில் ஊர் ஊராகப் போய் விதைத் தேர்வு பற்றிப் பாடம் நடத்தியவர். விதையை முளைக்க வைத்துப் பார்த்துவிட்டு விதையுங்கள் என்று அவர் சொன்னது முழுக்கச் சரி, அதனால் நிறையப் பேர் பிழைத்தார்கள். கதிர் அழகு பற்றிய பாடம்தான் சிக்கல். ஹென்றி வாலஸ் என்ற பள்ளிக்கூடப் பையனுக்கு அதில் சந்தேகம். பன்றிக்கு அழகைப் பற்றி என்ன கவலை என்பது அவன் வாதம். போட்டியில் மதிப்பிட்ட கதிர்களையே ஹோல்டன் கொடுத்து, நீயே விதைத்துப் பார் என்றார். 1904ல் பையன் ஒவ்வொரு கதிரையும் தனித்தனி வரிசையாக விதைத்து, அறுத்து, எடை போட்டான். மார்க்குக்கும் விளைச்சலுக்கும் சம்பந்தமே இல்லை!

எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று. ஸ்கோர் கார்டு தப்பாக இருந்தாலும் எழுத்தில், எண்ணில் இருந்தது. பெரிய மனுஷன் ஒருத்தர் "இதுதான் நல்ல கதிர்"னு வாயால் சொல்லிட்டுப் போயிருந்தால் பதினைந்து, பதினாறு வயதுப் பையன் அதை எப்படிச் சோதிப்பான்? தப்பான பெஞ்ச்மார்க் கூட, வெளியில் எழுதி வைத்திருந்தால், உடைக்க முடியும்.

1920ல் அயோவாவில் விளைச்சல் போட்டியே தனியாகத் தொடங்கியது. கதிரை மேஜையில் அடுக்க வேண்டாம், விதையைக் கொடு, நாங்கள் விதைத்துப் பார்க்கிறோம் என்ற ஏற்பாடு. வாலஸின் காப்பர் கிராஸ் என்ற ஒட்டு ரகம் 1924ல் அதில் தங்கப் பதக்கம் வாங்கியது. 1926ல் அவர் விதைக் கம்பெனி ஆரம்பித்தார். அதுதான் பிற்பாடு பயனீர். (அவர் அமெரிக்கத் துணை அதிபர் ஆனது வேறு கதை.) 1933ல் அயோவா மக்காச்சோளத்தில் ஒட்டு ரகம் பெயருக்குத்தான் இருந்தது. அடுத்த பத்து வருஷத்தில் ஏறக்குறைய எல்லாமே அதுதான். பல பத்தாண்டுகளாக ஏக்கருக்கு 20லிருந்து 30 புஷலுக்குள் நின்ற அமெரிக்க சராசரி இன்று 170ஐத் தாண்டிவிட்டது. உரமும் இயந்திரமும் இதில் பங்காளிகள், ஆனால் விதை இல்லாமல் இது நடந்திருக்காது.

கணக்கின் மறுபக்கமும் உண்டு. ஒட்டு ரகத்தில் விளைந்ததை எடுத்து மறுபடி விதைத்தால் அதே வீரியம் வராது. வருஷா வருஷம் காசு கொடுத்து வாங்கணும். பழைய ஃபேரில் பத்துக் கதிரோடு வந்த விவசாயி தானே பொறுக்கி, தானே வளர்த்த விதையைக் காட்டினார். கோணல் அளவுகோலில் அளந்தாலும் அவர் கொண்டுவந்தது அவருடைய கைவேலை. இப்போது அந்த வேலை கம்பெனியின் ஆய்வு வயலுக்குப் போய்விட்டது.

அயோவா ஃபேரில் மக்காச்சோளப் போட்டி இன்னும் இருக்கிறது. அதில் கூட்டம் ரசிக்கிற ஒன்று, யார் கொண்டுவந்த தட்டை அதிக உயரம் என்பது. உயரமான தட்டை காற்றடித்தால் சாயும், வயலில் யாரும் அதை விரும்புவதில்லை.