கண்ணுக்கும் உண்டு ஜீரோ எரர்!

(பணிமனைப் பயிற்றுநர், இயந்திரவியல் துறை)



"சார், இந்த வருஷ மலருக்கு நீங்களும் ஒரு கட்டுரை தரணும்" என்று மலர்க்குழுத் தம்பிகள் வந்து நின்றபோது, "எனக்கு லேத் ஓட்டத் தெரியும், பேனா ஓட்டத் தெரியாதேப்பா" என்றுதான் சொன்னேன். அவர்கள் விடுவதாக இல்லை. கவிதை எனக்கு வராது. ஆகவே சென்ற ஆண்டு நம் ஒர்க் ஷாப்பில் நடந்த ஒன்றையும், அதனால் நான் படித்துக்கொண்ட பாடத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் ஸ்டெப் டர்னிங் ஜாப் முடித்துக் கொண்டுவந்தார். விட்டம் 25 மி.மீ. கூடக் குறைய 0.05 மி.மீ. போகலாம் என்று சொல்லியிருந்தேன். வெர்னியரை வைத்துப் பார்த்தேன். 25.08. "ஓவர் சைஸ்" என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்தேன். அவர் மெதுவாக, "சார், எனக்கு 25.02 தான் வருது சார்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "இருபது வருஷமா இதைத்தான் பிடிச்சிக்கிட்டு நிக்கிறேன். எனக்கே ரீடிங் சொல்லித் தர்றியா?" என்றேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு ஜன்னல் பக்கம் நின்று மறுபடி பார்த்தேன். ஒரு கோடு பொருந்த வேண்டிய இடத்தில் நாலைந்து கோடுகள் பொருந்தினாற்போல் தெரிந்தன. கையை நீட்டிப் பார்த்தேன், மடக்கிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து லேபில் இருந்த இளம் விரிவுரையாளரிடம் மைக்ரோமீட்டரைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். "25.02 சார்" என்றார்.

நியாயமாக மறுநாளே அந்த மாணவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. ஜாப்பை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன்.

வெள்ளெழுத்து என்றால் என்ன?

அப்போது எனக்கு வயது 47. கிராமத்தில் இதைச் சாளேஸ்வரம் என்பார்கள். இது நோய் அல்ல. நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளமையில் வளைந்து கொடுக்கும். தூரத்தைப் பார்க்கும்போது தட்டையாகவும், கிட்டத்தில் பார்க்கும்போது குண்டாகவும் தானே மாறிக்கொள்ளும். வயது ஏற ஏற அது விறைத்துப் போகிறது. அவ்வளவுதான்.

கணக்காகச் சொன்னால் உங்களுக்கு எளிதில் பிடிபடும். லென்ஸின் சக்தியை டயாப்டர் என்ற அலகில் சொல்கிறோம். ஒன்றை மீட்டரில் உள்ள குவியத் தூரத்தால் வகுத்தால் டயாப்டர் வரும். 40 செ.மீ. தூரத்தில் இருப்பதைப் படிக்க 2.5 டயாப்டர் தேவை. பத்து வயதுப் பிள்ளையின் கண்ணால் 12 டயாப்டருக்கு மேல் கூட்டிக்கொள்ள முடியும். ஐம்பதை நெருங்கும்போது அது சுமார் இரண்டில் வந்து நிற்கும். உள்ளதை எல்லாம் முழுமூச்சாகச் செலவழித்துக்கொண்டே இருக்கவும் கண்ணால் முடியாது. அதனால்தான் நாற்பதைத் தாண்டியவர்கள் செய்தித்தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறார்கள்.

என்னிடம் ஏற்கெனவே படிக்கிற கண்ணாடி ஒன்று இருந்தது. ஆனால் லேத்துக்கு அது ஒத்துவராது. நம் வேலையில் மூன்று தூரம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? சுவரில் மாட்டிய டிராயிங் 4 மீட்டர். சக்கில் சுழலும் ஜாப் 60 செ.மீ. கையில் உள்ள வெர்னியர் 35 செ.மீ. படிக்கிற கண்ணாடியைப் போட்டால் வெர்னியர் தெரியும், டிராயிங் மங்கும். கழற்றினால் டிராயிங் தெரியும், வெர்னியர் போய்விடும். அன்றைக்கு அந்தக் கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது. பசங்க முன்னாடி எடுத்து மாட்ட வெட்கம்! உண்மை அதுதான்.

ஸ்டெப் டர்னிங்கும் டேப்பர் டர்னிங்கும்

கண் டாக்டரம்மா என் வேலையை விசாரித்துவிட்டு, "உங்களுக்கு ப்ரோக்ரசிவ் லென்ஸ்தான் சரி" என்று எழுதிக் கொடுத்தார். வேரிஃபோகல் என்றும் சொல்வார்கள்.

பழைய பைஃபோகல் கண்ணாடியைத் தாத்தாக்களிடம் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு பவர், கீழே ஒரு பவர், நடுவில் கோடு. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இப்படிப்பட்ட இரட்டைக் கண்ணாடியைத் தாம் அணிவதாக 1785ல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். நம் பாஷையில் அது ஸ்டெப் டர்னிங். ப்ரோக்ரசிவ் என்பது டேப்பர் டர்னிங். மேலிருந்து கீழே பவர் சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே போகும். கோடு கிடையாது. அதனால் இடைத் தூரமான அந்த 60 செ.மீ.க்கும் இடம் கிடைக்கிறது.

இங்கிலாந்தின் ஓவன் ஏவ்ஸ் 1907லேயே இந்த எண்ணத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் கடைக்கு வந்து வெற்றி பெற்ற முதல் லென்ஸ் 1959ல் பிரான்சில் வெளிவந்த வேரிலக்ஸ். அதை உருவாக்கிய பெர்னார்ட் மைத்தெனாஸ் டாக்டர் அல்ல, நம்மைப் போல் இன்ஜினியரிங் படித்தவர்!

இதில் ஒரு சங்கடம் உண்டு. பவர் ஏறும் பாதை சுமார் 14 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 2 டயாப்டர் ஏற வேண்டும் என்றால் மி.மீ.க்கு 0.14 டயாப்டர். மின்க்விட்ஸ் என்ற ஜெர்மானியர் 1963ல் ஒரு கணிதத் தேற்றம் தந்தார். நடுப்பாதையை விட்டுப் பக்கவாட்டில் நகர்ந்தால், இந்த ஏற்றத்தைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் உருக்குலைவு கூடும் என்பது அதன் சாரம். அதாவது மி.மீ.க்கு 0.28. நான்கு மி.மீ. தள்ளிப் பார்த்தாலே ஒரு டயாப்டருக்கு மேல் கோளாறு! எவ்வளவு விலை கொடுத்தாலும் இதை அடியோடு நீக்க முடியாது. ஓரமாக ஒதுக்கி வைக்கத்தான் முடியும்.

முதல் வாரம்

புதுக் கண்ணாடியோடு கடையை விட்டு இறங்கினேன். படி எனக்கு முன்னால் மிதந்தது. கைப்பிடியைப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன். லென்ஸின் கீழ்ப்பாகம் அரை மீட்டர் தூரத்துக்கு ஏற்றது. என் காலோ ஒன்றரை மீட்டர் கீழே இருக்கிறது. மங்காமல் என்ன செய்யும்? வீட்டில், "என்னங்க, தள்ளாடிக்கிட்டு வர்றீங்க?" என்று வேறு கேள்வி.

மறுநாள் ஒர்க் ஷாப்பில் இன்னும் கொடுமை. ஸ்ட்ரெயிட் எட்ஜ் வில்லாக வளைந்து தெரிந்தது. தலையைத் திருப்பினால் சர்ஃபேஸ் பிளேட் தண்ணீரில் ஆடுவதுபோல் ஆடியது. ஃபிட்டிங் செக்‌ஷன்காரனுக்கு இதைவிட வேறென்ன தண்டனை வேண்டும்! அந்த ஒரு வாரம் நான் மெஷினைத் தொடவில்லை. சக பயிற்றுநரிடம் சொல்லி டெமோவை அவரையே காட்டச் சொன்னேன். இரவில் வண்டியும் ஓட்டவில்லை.

பழகுவதற்கு டாக்டரம்மா சொன்ன வழிகள் சுலபமானவை.

ஒன்று, பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணைச் சுழற்றாதே, மூக்கைத் திருப்பு.

இரண்டு, படி இறங்கும்போது முகவாயை மார்புப் பக்கம் தாழ்த்தி, லென்ஸின் மேல்பாகம் வழியாகப் படியைப் பார்.

மூன்று, படிக்கும்போது தலையைக் குனியாதே, கண்ணை மட்டும் தாழ்த்து.

நான்கு, பழைய கண்ணாடியையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போடாதே. கண்ணுக்கு வரும் காட்சியும் தலையின் அசைவும் ஒத்துப்போக மூளை ஒரு புதுக் கணக்குப் போட வேண்டும். நடுவில் மாற்றினால் கணக்கு கலைந்துவிடும்.

பத்தாம் நாள் தரை ஆடுவது நின்றது. ஆனால் வெர்னியரைப் படிக்க மட்டும் முகத்தை அண்ணாந்து தூக்க வேண்டியிருந்தது. கடைக்குப் போனேன். காரணம் சின்னது. ஒர்க் ஷாப் வியர்வையில் ஃபிரேம் மூக்கில் 3 மி.மீ. இறங்கியிருந்தது. மொத்தப் பாதையே 14 மி.மீ. என்னும்போது 3 மி.மீ. என்பது லேசான விஷயமா? மூக்குத் தாங்கியை நெருக்கி ஃபிரேமை உயர்த்தினார்கள், சரியாயிற்று. இந்த லென்ஸுக்குக் கண்மணி நிற்கும் இடத்தை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஃபிரேமில் அதன் உயரத்தையும் குறிக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் ஆகியும் பழகவில்லை என்றால், "எனக்கு ஒத்துக்கல" என்று பெட்டியில் போட்டு மூடாமல் மறுபடி அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. கிரைண்டிங் வீல் முன்னால் நிற்கும்போது அதன் மேல் காகிள்ஸ் போட்டே ஆகணும்.

டிராயரைத் திறந்தேன்

மூன்றாவது வாரம், திங்கட்கிழமை காலை. டிராயரைத் திறந்து அந்த ஜாப்பை எடுத்தேன். வெர்னியரின் இரு தாடைகளையும் மூடி ஜீரோ எரர் பார்த்தேன். இல்லை. அளந்தேன். ஒரே ஒரு கோடு, கத்தியால் கீறியதுபோல் தெளிவாகப் பொருந்தியது. 25.02.

மொத்த பேட்சும் நிற்கும்போது அந்தத் தம்பியை முன்னால் அழைத்தேன். "அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. என் கண்ணுதான் தப்பு. அது தெரிஞ்சும் மூணு வாரமா நான் வாயைத் திறக்கல. அது அதைவிடப் பெரிய தப்பு" என்று சொல்லி ரெக்கார்டில் மதிப்பெண்ணைத் திருத்தினேன். யாரும் சிரிக்கவில்லை. அளக்கும் முன் கருவியின் ஜீரோ எரரைப் பார் என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிற நான், அளப்பவனின் எரரைப் பார்க்க மறந்திருந்தேன்.

மாலையில் அவர் தனியாக வந்தார். "சார், எங்கம்மா தையல் வேலை. இப்பல்லாம் சாயங்காலம் ஆனா மெஷினை மூடிடுறாங்க. ஊசியில நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுறாங்க. அதுவும் இதுதானா சார்?" என்றார். "இதுவாத்தான் இருக்கும். ஆனா டாக்டர்கிட்டக் காட்டிடு, வேற கோளாறு இருந்தாலும் தெரிஞ்சுடும்" என்றேன். அந்த அம்மாவுக்கு ப்ரோக்ரசிவ் தேவைப்படவில்லை. சாதாரணப் படிக்கிற கண்ணாடியே போதுமானதாக இருந்தது. இப்போது இரவு எட்டு மணி வரை தைக்கிறாராம்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது தாண்டிய 751 தொழிலாளர்களை வைத்து நடத்திய ஆய்வு 2018ல் வெளியானது. படிக்கிற கண்ணாடி கிடைத்தவர்களின் வேலைத்திறன், கிடைக்காதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் அதிகமாக உயர்ந்தது. கொழுந்தைப் பார்த்துப் பறிக்கிற கண்ணுக்கும், கோட்டைப் பார்த்துப் படிக்கிற கண்ணுக்கும் தேவை ஒன்றுதானே!

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு இது வர இன்னும் இருபத்தைந்து வருஷம் இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வந்திருக்கும். அவர்கள் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லாததுபோலவே. "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா" என்று அவர்கள் ரேஷன் கார்டையோ, மாத்திரை அட்டையையோ, செல்போனையோ நீட்டும்போது சலித்துக்கொள்ளாமல் படித்துக் காட்டுங்கள். அந்த வாரமே கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.